வரிசை மாறியபோது நடந்த இரண்டாவது கல்யாணம்

பதிவுத் துறைத் தலைமை அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்த அந்த மனிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லாருக்கும் அவர் 'க்யூ சார்'. கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஓடிக்கொண்டிருந்த வரிசையைப் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய உத்தியோகம்.

வரிசை என்றால் ஆட்கள் நிற்கிற வரிசை இல்லை. அது கவுன்டருக்கு முன்னால் தனியாக இருந்தது, அதை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. இது வேலைகள் நிற்கிற வரிசை. கவுன்டரில் ஒருவர் வந்து ஒரு பிறப்பையோ இறப்பையோ கல்யாணத்தையோ பதிவார். விவரங்களைத் தட்டிப் பொத்தானை அமுக்கியதும் அவர் வீட்டுக்குப் போய்விடலாம். அதற்குப் பிறகுதான் நிஜமான வேலை. பதிவேட்டில் ஏற்ற வேண்டும், எண் கொடுக்க வேண்டும், சான்றிதழ் அச்சடிக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர் போனுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். இவை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து, முறை வந்ததும் தானாக நடந்து முடியும். அப்படிக் காத்திருக்கிற இடம்தான் வரிசை.

க்யூ சார் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது ஒருமுறைகூட நின்றதில்லை. அதனால் அவரைக் 'க்யூ சார்' என்று கூப்பிட்டபோதும், அப்படி ஒன்று இருப்பதே மேல்மாடியில் யாருக்கும் தெரியாது. தெரிந்த நாளிலிருந்துதான் வினை ஆரம்பித்தது.

இயக்குநர் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். இடைவேளையில் காபிக் கோப்பையும் கையுமாக நின்றிருந்த பிற துறைத் தலைவர்கள், "நாங்க க்யூ மாத்திட்டோம், நீங்க?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இவரையும் கேட்டார்கள். இவர் "நடந்துக்கிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, ஊர் திரும்பியதும் க்யூ சாரைக் கூப்பிட்டனுப்பினார்.

"நம்மகிட்ட க்யூன்னு ஏதாவது இருக்கா?"

"இருக்கு சார். நல்லா ஓடுது."

"எத்தனை தடவை நின்னிருக்கு?"

"நின்னதே இல்ல சார்."

இயக்குநர் முகம் இருண்டது. நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வந்தார்.

"அப்ப இத்தனை வருஷமா நாம எதைய்யா நிர்வாகம் பண்ணிட்டிருந்தோம்? நின்னாத்தானே ஓட வைக்கலாம்? ஓட வெச்சாத்தானே அறிக்கை எழுதலாம்? ஒரு துறையில ஒரு விஷயம் பாட்டுக்குத் தானா நடக்குதுன்னா, அதுக்கு மேல நாங்க இத்தனை பேர் உக்காந்திருக்கோமே, எங்களைப் பத்தி மக்கள் என்ன நினைப்பாங்க?"

க்யூ சார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரமே 'வரிசை மாற்ற உயர்மட்டக் குழு' அமைந்தது. முதல் கூட்டம் முழுவதும் பெயர் சூட்டுவதில் போயிற்று. புதிய வரிசைக்கு 'பாய்ச்சல்' என்ற பெயர் சுலபமாக அமைந்துவிட்டது. பழையதுதான் இடித்தது. அதற்குப் பெயரே இல்லை. பெயர் இல்லாத ஒன்றை எப்படி நீக்க முடியும் என்று சட்டப் பிரிவு கேட்டது. ஆகவே நீக்குவதற்காக அதற்கு 'மரபு வரிசை' என்று பெயர் வைத்து, ஆணை போட்டு, அந்த ஆணையைச் சுற்றுக்கு விட்டார்கள்.

இரண்டாம் கூட்டத்தில் க்யூ சாரைப் பேசச் சொன்னார்கள். அவர் இரண்டு நாள் ஒத்திகை பார்த்து வந்திருந்தார்.

"மாத்தற சமயத்துல கொஞ்ச காலம் ரெண்டு வரிசையும் சேர்ந்து ஓடும் சார். ஒவ்வொரு வேலையும் ரெண்டுலயும் போய் விழும். புதுசுல ஏதாவது தவறினா பழசு பிடிச்சுக்கும். ஆனா ஒரே வேலை ரெண்டு தடவை நடந்துடக் கூடாது. அதனால வேலை முடிஞ்ச உடனே அதுமேல ஒரு அடையாளம் போட்டுடுவோம். இன்னொரு வரிசை அதைப் பார்த்தா, 'ஓ, இது முடிஞ்சுது'ன்னு விட்டுடும். அவ்வளவுதான் சார்."

துணை இயக்குநர் தொண்டையைச் செருமினார். துறையில் எந்த யோசனையிலும் இருக்கிற ஆபத்தை மற்றவர்களுக்கு முன்னால் கண்டுபிடிப்பவர் என்று அவருக்குப் பெயர் உண்டு.

"முடிஞ்ச வேலைமேல அடையாளம் போடறீங்க. சரி. அப்ப அடையாளம் இல்லாததெல்லாம் முடியாத வேலைன்னு வெளியில தெரிஞ்சுடுமே?"

"ஆமா சார்."

"எந்த மேஜையில எத்தனை முடியலைன்னு எண்ணிடலாம்?"

"எண்ணலாம் சார். அது ஒரு வசதி."

வசதி என்ற சொல் மேஜையைச் சுற்றி இருந்த யாருக்கும் பிடிக்கவில்லை. நிர்வாகப் பிரிவின் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடையாளம் வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானமானது. 'ஊழியர்கள் மீது நம்பிக்கை வைக்கும் அணுகுமுறை' என்று அதற்குக் காரணம் எழுதினார்கள்.

"ஆனா சார், ரெண்டு தடவை..." என்று க்யூ சார் ஆரம்பித்தார்.

"ஒரு வேலையை ரெண்டு தடவை செய்யறது தப்புன்னு எந்த விதியில இருக்கு?" என்று கேட்டார் துணை இயக்குநர். "செய்யாம விடறதுதான் தப்பு. அதுக்கே விளக்கம் கேட்டா குடுத்துக்கலாம்."

க்யூ சார் உட்கார்ந்துகொண்டார். எழுந்து நின்று பேசிப் பழக்கம் இல்லாதவர். மேலிடம் சொன்னால் செய்வார், சொல்லாவிட்டால் கேட்டுவிட்டுச் செய்வார். வீட்டிலும் அப்படித்தான். ரசம் வேண்டுமா மோர் வேண்டுமா என்றால் "உனக்கு எது சௌகரியம்?" என்பார்.

வீட்டில் அப்போது வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. அவருடைய மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். குழந்தைகள் வார்டு. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு விண்ணப்பித்து, நேர்காணல் முடிந்து, தேர்வாகியும் விட்டாள். கல்யாணச் சான்றிதழ் காட்டினால் கணவரையும் கூட்டிக்கொண்டு போகலாம். அந்தச் சான்றிதழ்தான் இல்லை. கல்யாணம் ஆகி வருஷங்கள் ஓடிவிட்டன, பதியவே இல்லை.

"ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நம்பர் போட்டுக் குடுக்கறீங்க. நம்ம கல்யாணம் மட்டும் வாய்வார்த்தையா நிக்குது" என்றாள் அவள். "அடுத்த மாசக் கடைசிக்குள்ள குடுக்கணுமாம். இல்லேன்னா நான் மட்டும்தான் போக முடியும். சொல்லிட்டேன்."

"இப்ப வரிசை மாத்தறாங்களேம்மா. கொஞ்சம் பொறுத்து..."

"நீங்க பொறுத்தது போதும். நாளைக்கு லீவு போடுங்க."

லீவு கிடைக்கவில்லை, ஏனென்றால் அடுத்த நாள்தான் பாய்ச்சலின் திறப்பு விழா. ஆகவே விழா நடந்துகொண்டிருந்தபோதே, ஒரு கால் மணி நேர அனுமதி வாங்கிக்கொண்டு, கீழே கவுன்டருக்கு வந்து மனைவியோடு நின்றார். கவுன்டரில் இருந்த அக்கா அவருக்குப் பல வருஷப் பழக்கம். "என்ன க்யூ சார், இப்பத்தான் மனசு வந்துச்சா?" என்று சிரித்துக்கொண்டே விவரங்களைத் தட்டினாள்.

விழாவில் இரட்டை நிகழ்ச்சி. முதலில் கீழ்த்தளத்து அறையில் மரபு வரிசைக்குப் பிரிவுபசாரம். அது ஓடிய கம்ப்யூட்டர் பெட்டியின்மேல், 'ஓய்வறியாத உழைப்புக்கு நன்றி' என்று பொறித்த பித்தளைத் தகடு ஒன்றை இயக்குநர் தம் கையால் ஒட்டினார். பெட்டி ஓடிக்கொண்டே இருந்ததால் தகடு லேசாக அதிர்ந்தது. பிறகு மேலே அரங்கத்தில் பாய்ச்சலின் பொத்தானை வெல்வெட் தலையணையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். இயக்குநர் அமுக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் காதில் விழுந்த நேரத்தில்தான் கவுன்டர் அக்காவும் பொத்தானை அமுக்கினாள்.

பழையதை நிறுத்தும் ஆணையும் அன்றே பிறந்தது. ஆனால் துறையில் எந்த ஆணையும் வரிசை வழியாகத்தான் போக வேண்டும் என்று விதி. நிறுத்தும் ஆணை மரபு வரிசைக்குள்ளும் பாய்ச்சலுக்குள்ளும் போய் நின்றது. பொதுமக்கள் வேலைக்கு முன்னுரிமை, அலுவலக உள் வேலைக்குக் கடைசி இடம் என்பது இன்னொரு விதி. பொதுமக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பிறந்துகொண்டும் இறந்துகொண்டும் கட்டிக்கொண்டும் இருந்தார்கள். நிறுத்தும் ஆணை எல்லாருக்கும் வழிவிட்டுக் கடைசியிலேயே நின்றது.

அந்த வாரக் கடைசியில் கல்யாணச் சான்றிதழ் வீட்டுக்கு வந்தது. மறுநாள் இன்னொன்று வந்தது. பதிவு எண் மட்டும் வேறு.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்காக்கும்?" என்றாள் மனைவி.

க்யூ சார் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இல்லம்மா. பழைய வரிசை நமக்கு ஒரு கல்யாணம் பண்ணி வெச்சிருக்கு. புதுசும் ஒண்ணு பண்ணி வெச்சிருக்கு."

மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அப்ப அது உங்க ஆபீஸ் வேலைதானா? இன்னிக்கு வார்டுல ஒருத்தர் குழந்தையைத் தூக்கிட்டு வந்தார். தடுப்பூசி போட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு அதே குழந்தையை வேற சட்டை மாட்டித் தூக்கிட்டு வர்றார். 'இது ரெண்டாவது குழந்தை'ங்கறார். கன்னத்துல அதே மச்சம். 'என்ன சார் இது'ன்னா அழறார் மனுஷன். 'ரெட்டைக் குழந்தைன்னு பதிவாகியிருக்கு, இன்னொண்ணுக்கு ஏன் ஊசி போடலைன்னு நோட்டீஸ் மேல நோட்டீஸா வருதும்மா'ன்னு."

"போட்டுட்டியா?"

"என்னங்க நீங்க! அதுக்குத்தானே கட்டில்ல அட்டை தொங்குது? ஊசி போட்ட உடனே டிக் பண்ணுவோம். அடுத்த ஷிஃப்ட்காரி அதைப் பார்த்துட்டுத்தான் ஊசியைத் தொடுவா. இது புதுசா வந்த நர்ஸுக்கே தெரியும்."

"அந்த டிக்கைத்தான் கமிட்டி வேண்டாம்னு சொல்லிடுச்சு."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"உக்காந்துக்கிட்டேன்" என்றார்.

கவுன்டர் அக்காவுக்குத்தான் அந்த நாட்களில் பெரும் சோதனை. ஒரு பாட்டியம்மா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கணவன் இறந்ததற்கு இரங்கல் தெரிவித்து முன்னாலேயே ஒரு தகவல் வந்திருந்தது. இப்போது இன்னொன்று. "ஏம்மா, முதல்ல செத்தது சரியா பதியலையா? அவரு எதையுமே ஒரு தடவைல முடிக்க மாட்டாரு, இதையாவது முடிச்சாருன்னு நினைச்சேனே" என்று கவலையோடு கேட்டாள். அக்காவால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

மேல்மாடியில் யாரும் கவலைப்படவில்லை. மாத அறிக்கையில் எல்லாமே இரட்டிப்பாகியிருந்தது. இயக்குநர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார்.

"ஒரே மாசத்துல பதிவுகள் ரெண்டு மடங்கு! முன்னெல்லாம் மக்கள் ஏதோ கடமைக்குப் பிறந்தாங்க. இப்ப நம்ம சேவைமேல ஒரு நம்பிக்கை வந்திருக்கு, உற்சாகமாப் பிறக்கறாங்க."

இறப்பும் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறதே என்று ஒரு நிருபர் கேட்டார்.

"வளர்ச்சின்னா எல்லாப் பக்கமும் இருக்கணும் இல்லையா? ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தா அதை வீக்கம்னு சொல்லுவாங்க" என்றார் இயக்குநர். அது மறுநாள் தலைப்புச் செய்தியாயிற்று.

அந்தச் செய்தி வந்த அன்றே க்யூ சாரின் மேஜைக்கும் ஓர் உறை வந்தது. முதல் மனைவி உயிரோடு இருக்கும்போதே இரண்டாவது திருமணம் செய்துகொண்டதற்காக அவர்மேல் ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். துறை ஊழியர் என்பதால் குற்றம் கூடுதல் கடுமை உடையதாம். இரண்டு மனைவியரையும் அழைத்துக்கொண்டு விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தது.

ஒழுங்கு அதிகாரி மிகவும் சாந்தமானவர். குரலை உயர்த்தியே பேச மாட்டார். எதிரே மூன்று நாற்காலி போட்டு வைத்திருந்தார். க்யூ சார் ஒன்றில் உட்கார்ந்தார், மனைவி ஒன்றில் உட்கார்ந்தாள். அதிகாரி மூன்றாவது நாற்காலியைப் பார்த்தார்.

"முதல் மனைவி யாரு?"

"நான்தான் சார்" என்றாள் மனைவி.

"இரண்டாவது மனைவி வரலையா?"

"அதுவும் நான்தான் சார்."

"கம்ப்யூட்டர் கோளாறு சார்" என்று க்யூ சார் குறுக்கிட்டார். "ஒரே கல்யாணம் ரெண்டு தடவை பதிவாயிடுச்சு."

அதிகாரி வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பதிவேடு தப்புன்னு பதிவுத் துறையிலேயே உக்காந்துக்கிட்டு சொல்லலாமா? அப்புறம் நான் பிறந்ததுக்கே என்ன ஆதாரம்? ... அம்மா, ரெண்டு மனைவியையும் ஒரே நேரத்துல விசாரிக்கக் கூடாது. ஒருத்தர் பேசறதை இன்னொருத்தர் கேக்கக் கூடாது. விதி. இரண்டாவது மனைவி வெளியில இருக்கட்டும்."

மனைவி எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். அதிகாரி பேனா மூடியைத் திறந்து நிமிர்ந்தார்.

"முதல் மனைவி எங்க?"

"வெளியில போயிட்டா சார்."

"அவங்களை யாரு போகச் சொன்னது?"

க்யூ சார் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

"உங்க கணவர் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். பக்கத்துலதான் நின்னேன்."

"ஆட்சேபிக்கலையா?"

"பொண்ணு பார்க்க நல்ல மாதிரியா இருந்தா."

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு முதல் மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, இரண்டாவது மனைவியை உள்ளே அழைத்தார். அவள் இந்த முறை வேறு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்னு தெரிஞ்சுதான் சம்மதிச்சீங்களா?"

"தெரியும் சார். இவரோட மூத்த சம்சாரம் ரொம்பப் பொறுமைசாலின்னு கேள்விப்பட்டேன். அவங்களே தாங்கறாங்க, நாம தாங்க மாட்டமான்னு ஒரு தைரியம்தான்."

'மனைவியர் இருவருக்கும் இடையே சுமுகமான உறவு நிலவுகிறது' என்று அதிகாரி எழுதினார். குற்றத்தின் கடுமையைக் குறைக்கும் அம்சமாக அதை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தண்டனை வேண்டாம், ஒரு கல்யாணத்தை மட்டும் ரத்து செய்தால் போதும். எதை என்பதைக் குடும்பமே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

"ரத்தும் வரிசை வழியாத்தானே சார் போகும்?" என்று கேட்டார் க்யூ சார்.

"பின்னே?"

"அதுவும் ரெண்டு வரிசைலயும் விழும் சார். ஒவ்வொண்ணும் தான் பண்ணி வெச்ச கல்யாணத்தை ரத்து பண்ணிடும்."

அதிகாரி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ரெண்டு கல்யாணம், ரெண்டு ரத்து. கணக்கு சரியாத்தானே வருது?"

அப்படியே ஆயிற்று. அந்த வாரமே இருவரும் கல்யாணம் ஆகாதவர்கள் ஆனார்கள்.

குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் பிரிவிலிருந்து ஒரு குமாஸ்தா வீட்டுக்கே வந்துவிட்டார். க்யூ சார் குடியிருந்தது குடும்பஸ்தர்களுக்கான வீடு. தனி ஆள் அங்கே இருக்கக் கூடாது, காலி செய்துகொண்டு ஆண்கள் விடுதிக்குப் போக வேண்டும். காபி கொண்டுவந்து வைத்த மனைவியைக் கண்ணால் காட்டி, "இந்தம்மா உங்களுக்கு என்ன உறவு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"போன வாரம் வரைக்கும் ரெண்டு சம்சாரம்" என்றார் க்யூ சார். "இப்ப தெரியலை."

விசாரணையில் அத்தனை குறும்பாகப் பேசியவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அன்று காலைதான் அவளுக்குத் தகவல் வந்திருந்தது. அவள் அனுப்பியிருந்த சான்றிதழைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, தனி ஆள் என்று தெரிந்ததும் அவர்கள் மளமளவென்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். டிக்கெட் எடுப்பதுதான் பாக்கி. மாசக் கடைசிக்குள் கல்யாணத்தைக் காட்டாவிட்டால் அந்த ஒரு டிக்கெட்தான்.

அட்டைப் பெட்டிகளில் பாத்திரங்களைக் காகிதம் சுற்றி வைத்துக்கொண்டே பேசினாள். எந்தப் பெட்டி விடுதிக்கு, எந்தப் பெட்டி வெளிநாட்டுக்கு என்று இன்னும் பிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். நீங்க இதுவரைக்கும் யாரையும் கேக்காம செஞ்ச காரியம்னு ஒண்ணு சொல்லுங்களேன்."

க்யூ சார் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். ஒரு தடவை தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது. அதுவும் கடைக்காரர் செய்த தவறு.

"கோபமா?" என்று கேட்டார்.

"கோபம் இல்லை. உங்களை விட்டுட்டுப் போகவும் மனசில்லை. ஆனா கூட்டிட்டுப் போனா அங்கயும் ஒரு மூலையில உக்காந்துக்கிட்டு, யாராவது வந்து சொல்லட்டும்னு பார்த்துக்கிட்டிருப்பீங்களோன்னு பயமா இருக்கு."

இதற்குள் அலுவலகத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. வரிசை மாற்றத்தை வெற்றிகரமாக நடத்தியதற்காக இயக்குநருக்குப் பதவி உயர்வு ஆணை வந்தது. அதுவும் வரிசை வழியாகத்தான் வந்தது, மேலிடத்து ஆணை என்பதால் முதல் இடத்தில். மரபு வரிசை அவரை இணைச் செயலாளர் ஆக்கியது. சற்று நேரம் கழித்துப் பாய்ச்சல் அவரை இன்னொரு படி ஏற்றிச் செயலாளர் ஆக்கியது. இதில் கோளாறு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பதிவேட்டில் இருக்கிறதே.

வழியனுப்பு விழாவுக்கு எல்லாரும் அரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது க்யூ சார் மாடிப்படியில் அவரைப் பிடித்தார்.

"சார், போறதுக்கு முன்னாடி ஒண்ணு. பழைய வரிசையை நிறுத்தணும். ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"ஆணைதான் எப்பவோ போட்டாச்சே."

"அது வரிசையில நிக்குது சார். கடைசியில."

"நிக்கட்டும்யா. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு" என்று இயக்குநர் அவர் தோளைத் தட்டினார். "உண்மையைச் சொல்லட்டுமா? பழசு நின்னு, புதுசு மட்டும் ஒழுங்கா ஓட ஆரம்பிச்சா, எனக்கு அடுத்து வர்றவர் பாவம், எதை மாத்துவார்? அவரையும் நினைச்சுப் பார்க்கணும் இல்லையா?"

மேலே கைதட்டல் கேட்டது. இயக்குநர் அதை நோக்கிப் போனார்.

க்யூ சார் மட்டும் கீழே இறங்கினார். ஜன்னல் இல்லாத அறையில் வழக்கமான இரைச்சல். மரபு வரிசையின் பச்சை விளக்குகள் மினுக்மினுக்கென்று எரிந்தன. பித்தளைத் தகடு இன்னமும் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டிக்குத் தூசி தட்டியிருக்கிறார், சூட்டில் துவண்டபோது சொந்த வீட்டு மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அது ஒரு நாளும் அவரைக் கைவிட்டதில்லை. பழக்க தோஷத்தில், யாரிடமாவது அனுமதி கேட்கலாமா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. எல்லாரும் விழாவில் இருந்தார்கள்.

உள்ளே நின்றிருந்த வேலைகள் எல்லாம் புதிய வரிசையிலும் இருக்கின்றனவா என்று சரிபார்த்தார். இருந்தன. முட்டி போட்டுக் குனிந்து, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, பிளக்கைப் பிடுங்கினார்.

விளக்குகள் அணைந்தன. தகடு அதிர்வதை நிறுத்திக்கொண்டது. க்யூ சார் கையில் பிளக்கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். ஏதாவது மணி அடிக்கும், யாராவது ஓடி வருவார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் வரவில்லை. அன்று மட்டும் அல்ல, எப்போதும் வரவில்லை. மரபு வரிசையை எப்போது நிறுத்துவது என்று குழு அதற்குப் பிறகும் மாதாமாதம் கூடி விவாதித்துக்கொண்டுதான் இருந்தது. அடுத்த மாத அறிக்கையில் பிறப்பும் இறப்பும் பாதியாகக் குறைந்தபோது மட்டும் புதிய இயக்குநர் மக்களின் அலட்சியப் போக்கைக் கண்டித்து ஓர் அறிக்கை விட்டார்.

பிளக்கைக் கீழே போட்டுவிட்டு, கையில் ஒட்டிய தூசியைக்கூடத் துடைக்காமல், மனைவிக்குப் போன் செய்தார். "கவுன்டருக்கு வா" என்றார். எப்போதும் 'வர முடியுமா' என்று கேட்பவர் 'வா' என்று சொன்னதால், அவள் ஷிஃப்டை வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, நர்ஸ் உடுப்போடேயே வந்து சேர்ந்தாள்.

கவுன்டர் அக்கா அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள். "மறுபடியுமா?"

"மறுபடியும்தான். போடுங்கக்கா" என்றார் க்யூ சார்.

விவரங்கள் எல்லாம் தட்டி முடிந்தன. பாய்ச்சலில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருந்தார்கள். அக்கா அதைத் திரையில் பார்த்துப் படித்தாள். "மணமகள், இவரை மணந்துகொள்ள உங்களுக்குச் சம்மதமா?"

மனைவி வாயைத் திறக்கவில்லை. திரையைப் பார்த்தாள். பிறகு க்யூ சாரைப் பார்த்தாள். பின்னால் நின்றிருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"என்னம்மா, ஜனங்க நிக்கறாங்க" என்றார் க்யூ சார் மெதுவாக.

"நிக்கட்டும். போன தடவையெல்லாம் என்னை யாரும் இதைக் கேக்கலை. எங்கப்பா எல்லாரையும் கேட்டார். மண்டபத்துக்காரரைக் கேட்டார், சமையல்காரரைக் கேட்டார். என்னைக் கேக்க மறந்துட்டார். இப்பத்தான் கேக்கறாங்க. யோசிச்சுத்தான் சொல்லுவேன்."

யோசித்தாள். க்யூ சாருக்கு வியர்த்தது. வரிசையில் எந்த வேலை எங்கே நிற்கிறது, எப்போது முடியும் என்று எந்த நேரமும் சொல்லக்கூடியவர் அவர். இது எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை.

"கையெல்லாம் என்ன தூசி?" என்று கேட்டாள்.

"பழசை நிறுத்திட்டேன். பிளக்கைப் பிடுங்கிட்டேன்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை."

மனைவி அவர் கையை எடுத்து, தன் உடுப்புப் பையிலிருந்த பஞ்சால் தூசியைத் துடைத்தாள். நோயாளிக்குத் துடைப்பதுபோல, விரல் விரலாக. துடைத்து முடித்துவிட்டு அக்காவைப் பார்த்து, "சம்மதம்" என்றாள்.

அக்கா பொத்தானை அமுக்கினாள். "சான்றிதழ் வீட்டுக்கு வந்துடும், கிளம்புங்க" என்றாள். அவர்கள் கிளம்பவில்லை. கவுன்டரைச் சுற்றிக்கொண்டு போய், அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருந்த பிரிண்டரின் பக்கத்தில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அது முனகிக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது. மனைவி அதை எடுத்து இரண்டு பெயர்களையும் படித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டாள்.

"போலாமா?" என்றார் க்யூ சார்.

"இருங்க" என்றாள் அவள்.

அக்காவும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். கவுன்டருக்கு வெளியே நின்றிருந்தவர்கள்கூட என்னவென்று தெரியாமலேயே எட்டிப் பார்த்தார்கள். எல்லாரும் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது வேறெதையும் தள்ளவில்லை.